தூங்குவது குற்றமா, சொல்லுங்கள்

நான் போட்ட அந்தப் போட்டோவை நீக்கப்போவதில்லை. "எதுக்கு வம்பு, டெலிட் பண்ணிடுங்க" என்று இன்பாக்ஸில் அக்கறையாகச் சொன்னவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மூன்று மாதக் குழந்தை, பக்கத்தில் நான், இரண்டு பேரும் தூங்குகிறோம். படம் அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒருவர் "இது பாசம் இல்லை, கொலை முயற்சி" என்று எழுதிவிட்டுப் போனார். முந்நூற்றுச் சொச்சம் லைக். வாழ்த்துகள்.

பெரியவர்கள் பக்கத்தில் படுத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டிவிடுமாம். சரி, தப்பு என்றே வைத்துக்கொள்வோம். நான் எங்கேதான் தூங்குவது? ராத்திரி மூன்று தடவை பாலுக்கு அழுகிற பிள்ளையை வைத்திருப்பவள் எங்கேயாவது கண்ணயர்ந்துதான் தீருவாள். எப்படியும் தூங்கத்தான் போகிறாள் என்றால், ஆபத்தில்லாமல் எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

பெரியவள் பிறந்தபோது இதே மிரட்டலை அப்படியே நம்பினேன். கட்டிலில் பால் கொடுத்தால் தூங்கிவிடுவேன் என்று பயந்து, எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்து கொடுப்பேன். ஒருநாள் விடிகாலையில் திடுக்கிட்டு முழித்தால் மடியில் பிள்ளை இல்லை. என் இடுப்புக்கும் சோபாக் கைப்பிடிக்கும் நடுவில் சரிந்து, முகம் மெத்தையில் புதைந்து கிடந்தாள். தூக்கியதும் வீறிட்டாள். பிள்ளை அழுவதைக் கேட்டு அவ்வளவு நிம்மதிப்பட்டது அன்றைக்குத்தான்.

கட்டிலைவிட சோபா எவ்வளவோ மோசம் என்பது அதற்குப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. "கூடப் படுக்காதே" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த செக்கப்பில் "குழந்தை எங்கே தூங்குது?" என்று டாக்டர் கேட்டார். தொட்டிலில் என்று பொய் சொன்னேன். திட்டுக்குப் பயம்! பொய் சொல்பவளுக்கு அவரும்தான் என்ன வழி சொல்ல முடியும்?

"அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வேண்டாம் என்கிறதே" என்று லிங்க் போட்டவருக்கு: முழுதாகப் படித்தீர்களா? ஒரே அறை, தனிப் படுக்கை, குறைந்தது முதல் 6 மாதம், ஆமாம், 2022-லும் அதைத்தான் சொன்னார்கள். பால் கொடுக்கும்போது தூங்கிவிட வாய்ப்பிருந்தால் சோபாவைவிடக் கட்டிலே மேல் என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல், கூடப் படுப்பதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று பெற்றோரிடம் பேசும்படி மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்கிறது. குடித்திருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், அசத்துகிற மாத்திரை போட்டிருந்தால் வேண்டாம். குறைமாதம் என்றாலோ, பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே என்றாலோ வேண்டவே வேண்டாம். என் பிள்ளை நிறைமாதம், எடை 3 கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மல்லாக்கத்தான் படுத்திருக்கிறான், பக்கத்தில் தலையணை கிடையாது, போர்வை என் இடுப்புக்குக் கீழே. அதைப் பார்க்க யாருக்கு நேரம்?

அமெரிக்காவின் மில்வாக்கி நகர சுகாதாரத்துறை 2011-இல் ஒரு விளம்பரம் போட்டது. பெரிய கட்டில், தூங்குகிற குழந்தை, பக்கத்தில் வெட்டுக்கத்தி. கத்தி யார்? அம்மாதான். 1994-இல் அதே நாட்டில் "மல்லாக்கப் படுக்கவையுங்கள்" என்று ஒரு பிரசாரம் ஆரம்பித்தார்கள். அடுத்த சில வருடங்களில் தொட்டில் மரணங்கள், அதாவது காரணம் தெரியாமல் குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோவது, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள், குறைந்தது. யார் கையிலும் கத்தியைக் கொடுக்கவில்லை.

"ஒரு குழந்தை போனாலும் போனதுதானே?" ஆமாம், போனதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எனக்கு அது தெரியாது என்று நினைத்தா கேட்கிறீர்கள்? ராத்திரி எத்தனை தடவை அவன் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன் தெரியுமா?

"பழகிட்டா பத்து வயசு வரை விடமாட்டான்" என்றவரே, விடாமல் இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தப் போட்டோவை எடுத்தது என் வீட்டுக்காரர். டேக் பண்ணியும் இருக்கிறேன். ஒருத்தர்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கட்டில் அவருக்கும் கட்டில்தான், பிள்ளையும் அவர் பிள்ளைதான். கொலைகாரி மட்டும் நான்.

முகம் தெரியாதவர் எழுதியது ஒரு நாள் வலித்தது, அவ்வளவுதான். லைக் போட்டவர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்ததுதான் தப்பு. ஏழாவதாக உன் பெயர். சோபாவில் நடந்ததை அன்றைக்கு நான் அழுதுகொண்டே போனில் சொன்னது உன்னிடம் மட்டும்தான். "இனிமே பேசாம கட்டில்லயே படுத்துக் குடுடி" என்று சொன்னவளும் நீதான்.