எந்த பிளாஸ்டிக்கைச் சுட்டாலும் செராமிக் ஆகிவிடுமா?

"எந்த பிளாஸ்டிக்கையும் 1000 டிகிரியில் சுட்டால் செராமிக் ஆகிவிடும்" என்ற செய்தி சுற்றுகிறது. தவறு. பாலிதீன் பையில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். காற்றில் எரிந்துவிடும், எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவில் சுட்டாலும் சிதைந்து பெரும்பாலும் வாயுவாகப் போய்விடும். செராமிக் ஆவது பெரும்பாலும் சிலிக்கானை முதுகெலும்பாகக் கொண்ட தனிவகைப் பாலிமர்கள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்.

1975-இல் ஜப்பானின் டொஹோகு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா குழு சிலிக்கானும் கார்பனும் மாறிமாறி வரும் பாலிகார்போசிலேன் என்ற பாலிமரை இழையாக நூற்று, சுட்டு, சிலிக்கான் கார்பைடு என்ற செராமிக் இழை எடுத்தது. அபாரமான வேலை அது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறி வரும் பாலிசிலாக்சேன் என்ற பாலிமரை ஆர்கானில் சுட்டால் சிலிக்கான் ஆக்சிகார்பைடு என்ற கண்ணாடி கிடைக்கும். அதில் ஒரே சிலிக்கான் அணு ஆக்சிஜனோடும் கார்பனோடும் பிணைந்திருப்பதை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆய்வு காட்டுகிறது. மிச்சக் கார்பன் நுண்திட்டுகளாகத் தனியே நிற்கும்.

அப்புறம், வீட்டில் சுட்டுப் பார்க்க வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு நச்சுவாயு வரும்.