ஒரு ஏக்கர் தேயிலையும் 200 மணி நேரமும்

போன மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாலாம் நாள் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, பைலட் ஸ்கூலுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம். இல்லைன்னா சீட்டு போயிருமாம்." எவ்வளவு என்றேன். மூணு லட்சம். மொத்தம் எவ்வளவு என்றேன். ஐம்பத்தைந்து லட்சம். மேல்தோட்டத்தில் ஒரு ஏக்கரைப் பார்க்க ஏற்கெனவே ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அண்ணன் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து விமானி ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். விமான நிலையமே இல்லாத மாவட்டம் எங்கள் நீலகிரி. விமானத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்கிக் கோயம்புத்தூர் பீளமேடு போக வேண்டும். ஒரு தடவை அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய் கம்பி வேலிக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றது நான்தான். அதனால் இதை யாரும் "பைலட் படிப்பு வேண்டாம்" என்ற பதிவாகப் படிக்க வேண்டாம். அவள் பறக்க வேண்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பணம் கட்டக் கூடாது என்று சொன்னேன். அண்ணன் பத்து நாள் என்னிடம் பேசவில்லை.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. பயிற்சிப் பள்ளிக்கு இன்னும் ஒரு ரூபாய் கட்டவில்லை. தோட்டம் விற்கவில்லை. ஆனால் அவள் பாதி வழி வந்துவிட்டாள். இந்த வருடமும் ரிசல்ட் வரப்போகிறது, கோத்தகிரியில் இரண்டு பெற்றோர் ஏற்கெனவே என்னிடம் விசாரித்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் விமானத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன்.

முதலில் புரிந்துகொண்டது இதுதான்: செலவை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. இந்தப் படிப்பில் ஆயிரக்கணக்கில் செலவாகும் கட்டங்கள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் செலவாகும் கட்டங்களும் இருக்கின்றன. ஒருவரைப் பாதியில் நிறுத்தக்கூடிய தடைகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கட்டத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் நம்மிடம் லட்சத்தைத்தான் முதலில் கேட்கின்றன.

மருத்துவப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆரம்பப் பரிசோதனையான கிளாஸ் டூ, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம். பிறகு அதைவிடக் கடுமையான கிளாஸ் ஒன். அது இல்லாமல், சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸ் கிடையாது. கண்ணாடி போட்டிருந்தால் ஆகாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகத் தெரிந்தால் போதும். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல். அந்தக் குறை உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. அப்பா முதல் தவணை பன்னிரண்டு லட்சம் கட்டிவிட்டார், பையன் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான், அதற்குப் பிறகுதான் மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் எண்ணை அவனால் படிக்க முடியவில்லை. கட்டிய பணத்தில் பாதியை வாங்க அவர்கள் ஒன்றரை வருடம் நடந்தார்கள். சில ஆயிரம் ரூபாயில் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்தப் பள்ளி அதைச் சொல்லாததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் பெண்ணுக்கு இரண்டும் முடிந்தன. கிளாஸ் ஒன்னுக்குப் பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையத்துக்குப் போனோம். அண்ணி வழி முழுக்க முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்தது தேர்வுகள். வழி கணக்கிடும் ஏர் நேவிகேஷன், வானிலை பற்றிய மீட்டியராலஜி, விதிகள் பற்றிய ஏர் ரெகுலேஷன், விமானத்தைப் பற்றிய டெக்னிக்கல், இவற்றோடு ரேடியோ லைசென்ஸ். முதல் நாலு தாள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 மதிப்பெண் வேண்டும். இவற்றை எழுத விமானத்தில் ஏறியிருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டில் உட்கார்ந்து படித்து எழுதிவிட்டுப் பிறகு பறக்கப் போகலாம். பல பேர் செய்கிற தவறு, பள்ளியில் சேர்ந்துவிட்டு அங்கே ஹாஸ்டல் செலவோடு இந்தத் தாள்களுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது. இவள் ஆன்லைன் கோச்சிங்கில் படித்தாள். மீட்டியராலஜியில் முதல் தடவையே தேறினாள். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறும், இரவில் குளிர்ந்து சரிவில் இறங்கும் என்று புத்தகத்தில் இருப்பதை மார்கழி உறைபனியில் தோட்டத்து விளிம்பில் நின்று பார்த்தவள் அவள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். 14 உயிர். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறியதும் மேகத்துக்குள் நுழைந்ததும்தான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்தச் செய்தியை அவள் வெட்டி வைத்திருக்கிறாள். மேகத்தைப் பற்றிப் படிக்கும்போது அவள் முகத்தில் விளையாட்டு இருக்காது.

நேவிகேஷனில் முதல் தடவை 64. அழுதாள். மூன்று மாதம் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து காற்று விமானத்தை எவ்வளவு தள்ளும் என்று கணக்கிடும் காற்று முக்கோணத்தைப் போட்டுப் போட்டு இரண்டாம் தடவை தேறினாள். இந்தக் கணக்கு அவளுக்கு வராமலே போயிருந்தாலும் எங்களுக்கு ஆகியிருக்கும் மொத்தச் செலவு இரண்டு லட்சத்துக்குக் கீழேதான். தோட்டம் தோட்டமாகவே இருந்திருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

பள்ளிக்காரர்கள் காட்டுகிற அட்டையில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சடித்திருக்கும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே வருடம் ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்குக் கொடுத்தது. இரண்டும் உண்மை. ஆனால் இண்டிகோவின் அந்த 500 விமானங்கள் வந்து சேர வேண்டியது 2030க்கும் 2035க்கும் இடையில். எங்கள் பெண் லைசென்ஸோடு வெளியே வரப்போவது 2027 அல்லது 2028. வருகிற விமானங்களில் ஒரு பகுதி பழைய விமானங்களுக்குப் பதிலாக வருவது. அட்டையில் இதெல்லாம் இருக்காது. இன்னொரு எண்ணும் இருக்காது: 2023இல் மட்டும் டிஜிசிஏ 1622 கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வழங்கியது. அத்தனை பேரும் வரிசையில் நிற்பவர்கள். வேலை கொடுப்பவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேரை இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமும் சேர்ந்தே ஏற்றிச் செல்கின்றன. இந்த இரண்டு இடத்தில் ஒன்று ஆறு மாதம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் நாடு முழுவதும் புதிய பிள்ளைகள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

2025 டிசம்பரில், விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளுக்குத் தேவையான ஆள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோது அண்ணன் டிவியை அணைக்காமலே எனக்குப் போன் போட்டார். "பார்த்தியா, பைலட் இல்லாமத்தான் பிளைட்டே நிக்குது. நீ ஒரு வருசமா இழுத்தடிக்கிற." அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அங்கே இல்லாமல் போனது ஏற்கெனவே அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி பெற்ற விமானிகள். 200 மணி நேரம் சின்ன விமானத்தில் பறந்து லைசென்ஸ் வாங்கியவரை மறுநாள் அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங் வேண்டும், அதற்கு இன்னும் 15, 20 லட்சம். பிறகு நிறுவனத்தின் சொந்தப் பயிற்சி. கேப்டன் ஆக வேண்டிய ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம். கேப்டன் பற்றாக்குறையும் புது லைசென்ஸ்காரர்கள் வேலையில்லாமல் காத்திருப்பதும் ஒரே நாட்டில் ஒரே நாளில் நடக்கும். இரண்டும் முரண் இல்லை.

இதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரிடம் பேசினேன். எங்கள் பக்கத்துக்காரர்தான், பெயர் வேண்டாம் என்றார். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் விமான நிறுவனம் நின்றுபோனது. அவர் லைசென்ஸ் வாங்கியது அதற்கு அடுத்த மாதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனுபவசாலி விமானிகள் ஒரே நாளில் வேலை தேட வந்தால் புதியவரை யார் கூப்பிடுவார்கள்? அந்த வரிசை குறைவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து விமானங்களையே தரையில் நிறுத்தியது. "லைசென்ஸ் வந்த அன்னைக்கு ஊர்ல கேக் வெட்டினோம்க்கா. அதுக்கப்புறம் முப்பத்து நாலு மாசம்." அந்த முப்பத்து நாலு மாதமும் அப்பாவின் பிக்கப்பில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் வந்தார். நடுவில் மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பிக்க வேண்டும், கை மறக்காமல் இருக்கக் காசு கொடுத்துப் பறக்க வேண்டும். சும்மா இருப்பதற்கே செலவு. இன்று அவர் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டுகிறார், மகிழ்ச்சியாக இருக்கிறார். சேர்ந்த முதல் வருடம் கைக்கு ஒன்றரை லட்சம் போல வந்ததாம். "நல்ல வேலைக்கா. ஆனா காத்திருக்கிற காலத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றார். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். பதினொரு வருடத்தில் மூன்று விமான நிறுவனங்கள் நின்றுபோயின. ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசியில் நின்றவர்கள் புதியவர்கள்தான்.

இப்போது கடன். பிணை இல்லாத கல்விக் கடன் பொதுவாக ஏழரை லட்சம் வரைதான். அதற்கு மேல் வங்கி பத்திரம் கேட்கும். விற்றாலும் அடமானம் வைத்தாலும் அதே மேல்தோட்டம்தான். 50 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 69,000 ரூபாய். முழுத் தொகையும் எடுத்த பிறகு, தவணை தொடங்கும் முன் சும்மா இருக்கும் ஒவ்வொரு வருடமும் வட்டி மட்டும் ஐந்தரை லட்சம் ஏறும். எங்கள் தோட்டத்தில் நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 4000 கிலோ இலை வரும். கிலோ 20 ரூபாய் கிடைத்தால் 80,000. பறிப்புக் கூலி, உரம், மருந்து, கவாத்து எல்லாம் கழிக்கும் முன்னால் உள்ள கணக்கு இது. இலைக்கு நியாய விலை கேட்டு நம் சனங்கள் எத்தனை வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஏக்கரின் ஒரு வருட இலைப் பணம், ஒரு மாதத் தவணையைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அண்ணனிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவர் அவசரப்படவில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உதவும். ஒரு பள்ளியில் 60 மாணவர்கள், ஆறு விமானங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் நாலுதான் பறக்கும் நிலையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் மாதம் 60 மணி நேரம் பறந்தால் 240 மணி நேரம். 60 பேருக்குத் தலைக்கு 200 என்றால் 12,000 மணி நேரம். ஐம்பது மாதம்! "பதினாலு மாசத்துல முடிச்சிருவாங்க மேடம்" என்று போனில் ஒருவர் சொன்னார். போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதல் தடவையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. அந்த முதல் பட்டியலின் மேல் இரண்டு தரங்களில் நாட்டில் ஒரு பள்ளிகூட வரவில்லை. பணம் கட்டும் முன் தரவரிசைப் பட்டியலைப் பார்க்காமல் யாரும் போகாதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை வாங்க ஒப்புக்கொள்ளாத பள்ளிக்கும் போகாதீர்கள்.

வெளிநாட்டில் வானம் தெளிவு, சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் அங்கே வாங்கும் லைசென்ஸை இங்கே வந்து மாற்ற வேண்டும், அதற்கும் தேர்வும் காலமும் பணமும் ஆகும். அதையும் கூட்டிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். வெலிங்டன் ராணுவ முகாம் நம் கண் முன்னால் இருந்தும், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முப்படைகளுக்கு அதிகாரிகளை உருவாக்கும் என்டிஏ அகாடமியின் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள்? விமானப்படையில் பறக்கக் கற்றுக்கொடுப்பதற்கு அரசு பணம் கேட்பதில்லை, சம்பளம் கொடுக்கிறது. 2022 முதல் என்டிஏவில் பெண்களும் சேர்கிறார்கள். எங்கள் பெண்ணுக்கு இதை நான் காலத்தில் சொல்லவில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள். அது சுலபமில்லை, அங்கே பறக்கும் திறனறித் தேர்வில் தவறினால் வாழ்நாளில் இரண்டாம் தடவை கிடையாது. ஆனால் ஏக்கரை விற்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அண்ணனும் அவளும் நானும் இரண்டு பள்ளிகளை நேரில் பார்க்கக் கிளம்புகிறோம். ஓடுதளத்தில் எத்தனை விமானம் நிற்கிறது, எத்தனை பறக்கிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எண்ணப் போகிறோம். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டும், பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கைக் காட்டச் சொல்லிச் சேர்ந்த தேதியையும் இன்றைய மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். நீலகிரியிலிருந்து போய் லைசென்ஸ் முடித்தவர்கள், முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், யாராக இருந்தாலும் உங்களுக்கு 200 மணி நேரம் முடிய உண்மையில் எத்தனை மாதம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், மாதக் கணக்கு போதும்.