மல்டிமீட்டர் ஏன் லேசா இருக்கு?

(வீட்டு ஹால். தரையில் நான்கு கிடார் பெடல்கள், அதாவது கிடார் சத்தத்தை மாற்றும் சிறு பெட்டிகள்: எதிரொலி தரும் டிலே, கரகரப்பூட்டும் ஓவர்டிரைவும் ஃபஸ்ஸும், சத்தத்தைத் தடிமனாக்கும் கோரஸ். பக்கத்தில் வயர்க் குவியல். சாயங்காலம் சர்ச்சில் பிராக்டீஸ்.)

ஸ்டெல்லா: டேய், என் மல்டிமீட்டர் ஏன் இவ்ளோ லேசா இருக்கு?

பிரவீன்: புது மாடல் எல்லாம் அப்படித்தான்க்கா வருது.

ஸ்டெல்லா: இது நான் காலேஜ்ல வாங்கினது. உள்ள இருந்த 9 வோல்ட் பேட்டரி எங்க?

பிரவீன்: எங்கயும் போகல. டிலே பெடலுக்குள்ள பத்திரமா இருக்கு. நேத்து அரை மணி நேரம் அருமையா ஓடுச்சு. அப்புறம் ஆண்டவர் சித்தம்.

ஸ்டெல்லா: சித்தம் இல்லடா, மில்லி ஆம்ப், பெடல் இழுக்கிற கரண்ட். அடியில ஸ்டிக்கரைப் படி.

பிரவீன்: 9 வோல்ட், 65 எம்.ஏ. அடேங்கப்பா, நான் ஒரு பி.காமே முடிக்கல.

ஸ்டெல்லா: நீ எடுத்தது கார்பன் பேட்டரி. மீட்டர் மாதிரி கொஞ்சமா இழுக்கிற ஐட்டத்துக்குத்தான் அது தாங்கும். நல்ல ஆல்கலைனே சுமாரா 500 மில்லி ஆம்ப்-ஹவர்தான், அதாவது ஒரு மில்லி ஆம்ப் இழுத்தா 500 மணி நேரம். 65ஆல வகு.

பிரவீன்: ஏழரை... ஏழரைக்கு மேல கொஞ்சம்.

ஸ்டெல்லா: ஏழரைதான். உனக்குப் பொருத்தமான நம்பர். அவ்ளோ மணி நேரம் வர்றதும் பேப்பர்லதான். புது பேட்டரி 9.5 வோல்ட் காட்டும், போகப் போக இறங்கும். டிஜிட்டல் பெடல் அது முழுசா தீர்ற வரைக்கும் காத்திருக்காது, நடுவுலயே கையை விரிச்சிடும்.

பிரவீன்: அப்ப ஓவர்டிரைவ்? அதுல 8தான் போட்டிருக்கு.

ஸ்டெல்லா: அறுபது மணி நேரம் தாராளமா வரும்.

பிரவீன்: எங்க வந்துச்சு? ஞாயித்துக்கிழமை புது ஆல்கலைன் போட்டேன், வெள்ளிக்கிழமை செத்துப்போச்சு. ஆஃப் பண்ணித்தான் வெச்சேன்!

ஸ்டெல்லா: கிடார் வயரை உருவினியா?

பிரவீன்: அது எதுக்கு? லைட்டுதான் அணைஞ்சிருந்துச்சே.

ஸ்டெல்லா: நீ காலால மிதிக்கிறது எஃபெக்ட் வேணுமா வேணாமாங்கிறதுக்கு மட்டும்தான். கரண்ட் ஸ்விட்ச் இன்புட் சாக்கெட்டுக்குள்ள இருக்கு. அதுல மூணு காண்டாக்ட். பேட்டரியோட மைனஸை நடு காண்டாக்ட்ல கட்டியிருப்பான். நீ மோனோ வயரைச் சொருகினதும் அதோட உலோக உடம்பு நடு காண்டாக்ட்டையும் கிரவுண்டையும் சேர்த்துடும். வயர் உள்ள இருக்கிற வரைக்கும் பெடல் ஆன். அஞ்சு நாளா ஆளே இல்லாத ரூம்ல ஃபேன் ஓடின கதை.

பிரவீன்: இந்த பேட்டரி சகவாசமே வேணாம்க்கா. ரவுட்டர் அடாப்டரை எடுத்துக்கறேன். பாரு, பின் அளவெடுத்துத் தெச்ச மாதிரி போகுது.

ஸ்டெல்லா: சொருகாத! சொருகாதடா! அது 12 வோல்ட், நடுவுல ப்ளஸ். பெடலுக்கு 9 வோல்ட், நடுவுல மைனஸ். ஓட்டைக்குப் பக்கத்துல வட்டம் போட்டுக் காட்டியிருக்கான் பாரு.

பிரவீன்: ஊரே ஒரு பக்கம் போனா பெடல் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் போகுது?

ஸ்டெல்லா: காரணம் இருக்கு. அடாப்டர் சொருகினதும் பேட்டரி தானா விலகணும். அதுக்கு அந்த சாக்கெட்டுல ஒரு தகடு இருக்கு, பின் நுழைஞ்சா அது நகர்ந்து பேட்டரியைத் துண்டிச்சிடும். அந்தத் தகடு வெளிப்பக்க காண்டாக்ட்லதான் இருக்கு. பேட்டரி மைனஸை ஏற்கெனவே இன்புட் சாக்கெட்டுக்கு அனுப்பியாச்சு, மிச்சம் இருக்கிறது ப்ளஸ்தான். அதனால ப்ளஸ் வெளிய, மைனஸ் நடுவுல.

பிரவீன்: மாத்திக் குடுத்தா?

ஸ்டெல்லா: பல பெடல்ல குறுக்க ஒரு டையோடு நிக்கும், கரண்டை ஒரே பக்கம் விடுற பார்ட். அது ஷார்ட்டாகி தன் உயிரைக் குடுத்து மத்ததைக் காப்பாத்தும், அதை மட்டும் மாத்தினா போதும். டையோடு இல்லேன்னா உள்ள இருக்கிற ஐ.சி. சிப் போயிடும்.

பிரவீன்: சரி, இன்னொண்ணு வெச்சிருக்கேன். 9 வோல்ட், நடு மைனஸ், 1000 மில்லி ஆம்ப். ஆனா ஓவர்டிரைவுக்கு 8 போதுமே, மிச்சம் 992 உள்ள போய் என்ன பண்ணும்?

ஸ்டெல்லா: உள்ளயே போகாது. வோல்ட்டை அடாப்டர் முடிவு பண்ணும், ஆம்பை பெடல் முடிவு பண்ணும். அடாப்டர்ல கம்மியா இருக்கக்கூடாது, கூட இருந்தா தப்பே இல்ல.

பிரவீன்: சம்பளம் மாதிரின்னு சொல்லு. எவ்ளோ கனம் பாரு, பழைய காலத்துத் தரமான சரக்கு.

ஸ்டெல்லா: அதான் சந்தேகமா இருக்கு. கனம்னா உள்ள டிரான்ஸ்ஃபார்மர். வோல்ட்டை ஒரே அளவுல நிறுத்துற ரெகுலேட்டர் இல்லாத ரகம்னா மேல 9னு எழுதியிருக்கும், லோடு இல்லாதப்ப 12, 13 காட்டும். கூடவே 100 ஹெர்ட்ஸ்ல ஹம்முனு இரைச்சல். அளந்து பாத்துடலாம், அந்த பேட்டரியைக் கழட்டிக் குடு.

பிரவீன்: இரு, உயிர் இருக்கான்னு பாக்கறேன். (நாக்கில் வைக்கிறான்) சுர்ருங்குது! ஏழு வோல்ட்.

ஸ்டெல்லா: பாயிண்டுக்கு அப்புறம் எவ்ளோன்னும் உன் நாக்கு சொல்லுமா? (பேட்டரியை மீட்டரில் போட்டு அடாப்டரை அளக்கிறாள்) 16ஆ?

பிரவீன்: பாத்தியா! எழுதினதை விட அதிகமாவே குடுக்கிறான். தாராளப் பிரபு.

ஸ்டெல்லா: மூலையில பேட்டரி படம் மின்னுது பாரு. மீட்டர் பேட்டரி இறங்கிட்டா ரீடிங் ஏத்திக் காட்டும். இனி இந்த மீட்டரையும் நம்ப முடியாது, அந்த அடாப்டரையும் நம்ப முடியாது. கடைக்குப் போ. 9 வோல்ட் ரெகுலேட்டட் அடாப்டர் ரெண்டு, ஒரு அடாப்டரைப் பல பெடலுக்குப் பிரிக்கிற செயின் வயர் ஒண்ணு.

பிரவீன்: செயின்ல அஞ்சு தலை இருக்குமே, நாலு பெடலுக்கு ரெண்டு அடாப்டர் எதுக்கு?

ஸ்டெல்லா: டிலேக்குத் தனி. உள்ள டிஜிட்டல் கிளாக் ஓடுது. எல்லாத்தையும் ஒரே வயர்ல கோத்தா அந்தச் சத்தம் பவர் வழியா கசிஞ்சு ஓவர்டிரைவுக்குள்ள போகும். ஓவர்டிரைவ் பொழப்பே பெருக்கிக் குடுக்கிறதுதானே? "ஈ"ன்னு பாட்டு முழுக்க ஒரு கொசு கூடவே வரும். ஓவர்டிரைவும் கோரஸும் ஒரு செயின்ல இருக்கட்டும்.

பிரவீன்: ஃபஸ்?

ஸ்டெல்லா: அதைச் செயின் பக்கமே கொண்டு போகாத. உள்ள இருக்கிறது ஜெர்மானியம் பி.என்.பி. ரக டிரான்சிஸ்டர், அதுக்கு ப்ளஸ்தான் கிரவுண்ட். மத்த பெடலுக்கெல்லாம் மைனஸ் கிரவுண்ட். எல்லா கிரவுண்டையும் பெடலுக்குப் பெடல் போற உன் பேட்ச் வயர் ஒண்ணா சேர்த்து வெச்சிருக்கு. ஒரே செயின்ல மாட்டினா அடாப்டரோட ப்ளஸும் மைனஸும் நேருக்கு நேர் முட்டிக்கும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியா பிரிஞ்ச ஐசொலேட்டட் பவர் சப்ளைன்னா பரவாயில்ல, ஆனா அது வெலை ஜாஸ்தி. ஃபஸ்ஸுக்கு பேட்டரியே போடு. ஒரு மில்லி ஆம்ப் பக்கம்தான் இழுக்கும், வயரை உருவி வெச்சா மாசக்கணக்குல வரும்.

பிரவீன்: அப்ப பேட்டரி போட்டா டோன் நல்லா இருக்கும்கிறது உண்மைதான்!

ஸ்டெல்லா: ஃபஸ்ஸுக்கு மட்டும் உண்மை. கார்பன் பேட்டரி பாதி தீர்ந்ததும் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறும், வோல்ட் இறங்கும். மொத்தமே ரெண்டு டிரான்சிஸ்டர் இருக்கிற சர்க்யூட்டுல அது காதுக்குத் தெரியும். டிலேல அந்தக் கதையைச் சொல்லாத.

பிரவீன்: சார்ஜ் பண்ற பேட்டரி?

ஸ்டெல்லா: 9னு எழுதியிருப்பான். நிக்கல் ரகத்துல பலதுல உள்ள ஏழு செல், ஒவ்வொண்ணும் 1.2. பெருக்கிப் பாரு, 8.4. யு.எஸ்.பி.ல சார்ஜ் ஆகுற லித்தியத்துக்குள்ள வோல்ட்டை ஏத்துற கன்வர்ட்டர் இருக்கும், சிலது கீச்சுனு சத்தம் போடும். சாதாரண கார்பன் ரெண்டு வாங்கு. ஒண்ணு ஃபஸ்ஸுக்கு, ஒண்ணு என் மீட்டருக்கு.

பிரவீன்: காசு?

ஸ்டெல்லா: கிடார் ஸ்ட்ரிங் வாங்கக் குடுத்தேனே, அதுல மிச்சம் இருக்குமே?

பிரவீன்: அதைப் போட்டுத்தான்க்கா இந்த டிலேயே வாங்கினேன்.

ஸ்டெல்லா: அப்ப ஸ்ட்ரிங்?

பிரவீன்: மேல ரெண்டு அறுந்துபோச்சு. மிச்சம் நாலு ஸ்ட்ராங்கா இருக்கு, சமாளிச்சிடலாம்.

ஸ்டெல்லா: நாலை வெச்சு சமாளிக்கிறதுக்கு சர்ச்ல ஏற்கெனவே பேஸ் கிடார்னு ஒண்ணு இருக்குடா.