வெற்றிடக் கலத்தில் குளிர்காற்று வீசப்படவில்லை
2017இல் ஹூஸ்டனில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைச் சோதித்தபோது, கணினி இயக்கும் ஏசி போலக் குளிர்காற்றை வீசி வெப்பநிலையைக் குறைத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். கணினிக் கட்டுப்பாடு உண்மைதான். காற்று வீசியதாகச் சொல்வது மட்டும் சரியன்று. சோதனை நடந்த நாசாவின் 'சேம்பர் ஏ' என்ற வெற்றிடக் கலத்திலிருந்து முதலில் காற்றை வெளியேற்றிவிட்டு, தொலைநோக்கியைச் சூழ்ந்துள்ள இரண்டு உறைகளை, அதாவது திரவ நைட்ரஜன் ஓடும் வெளியுறையையும் குளிர்ந்த ஹீலியம் ஓடும் உள்ளுறையையும் குளிர்விக்கிறார்கள். தொலைநோக்கி தன் வெப்பத்தைப் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே அந்த உள்ளுறைக்கு இழக்கிறது (குளிர்வதற்கே வாரக்கணக்கில் ஆவது இதனால்தான்). இரண்டு உறைகளைப் பற்றியும் நாசா தன் இணையதளத்தில் விளக்கியுள்ளது. அதைத் தேட நேரமில்லாதவர்களுக்கு ஒரு வேதியியல் அட்டவணையே போதும்: காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜன் −210 டிகிரி செல்சியஸிலும் ஆக்சிஜன் −219 டிகிரியிலும் உறைந்துவிடும்; தொலைநோக்கியோ −230 டிகிரிக்கும் கீழே குளிர்விக்கப்பட்டது. அந்தக் குளிரில் காற்றே உறைந்துவிடும் என்பதால் அதை வீசவே முடியாது.