மிச்சிகன் பட்டம் பறிபோகவில்லை

“எதிரணியின் சைகையைத் திருடியதால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2023 சாம்பியன் பட்டம் பறிப்பு. சைகையைப் படிப்பதே அமெரிக்கக் கல்லூரி கால்பந்தில் குற்றம்” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இது நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம். அடுத்து என்ன ஆடுவது என்று தங்கள் வீரர்களுக்குச் சொல்ல, அங்கே மைதான ஓரத்தில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கையை ஆட்டுவார்கள். ஒருவர் காட்டுவதுதான் நிஜம், மற்றதெல்லாம் எதிரணியைக் குழப்ப. அதை ஆட்டத்தின்போது வெறும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. அதே சீசனில் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி உளவு பார்ப்பதுதான் 1994 முதல் தடை. சைகைகளை வீடியோ எடுப்பதும் கூடாது.

மிச்சிகன் மாட்டியது இதில்தான். ஊழியர் ஒருவர் டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஆட்களை அனுப்பினார். 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மிச்சிகன் ஆடும் பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு 3 ஆட்டத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தீர்ப்பு வந்தது: பல கோடி டாலர் அபராதம், தனிநபர்களுக்குத் தண்டனை. வெற்றிகளை ரத்து செய்யவில்லை. இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என வீழ்த்தி வென்ற பட்டம் அப்படியே இருக்கிறது. தண்டனை போதுமா என்பது வேறு சண்டை, எனக்கும் அதில் கருத்துண்டு.

தீர்ப்பும் விதிப்புத்தகமும் என்சிஏஏ இணையதளத்தில் இருக்கின்றன. 2024 முதல் பெரிய அணிகள் ஹெல்மெட் ரேடியோவும் (பயிற்சியாளர் வீரரின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகப் பேசும் கருவி) பயன்படுத்தலாம் என்பதால், சைகைக்கே வேலை குறைந்துவிட்டது. அந்த ஃபார்வர்டு வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள்.