சார்ஜர் செருகியிருக்கு, சார்ஜ்தான் ஏறலை

லேப்டாப் வயரில் ஓடுது, வயரைப் பிடுங்கினால் பொட்டென்று அணைஞ்சிடுது. கீழே மூலையில் 'சார்ஜ் ஆகவில்லை' என்று ஒரு வரி, ஏன் என்று மட்டும் சொல்லாது. காரைக்குடியில் கடைக்குக் கொண்டுபோனால், திருப்பிக்கூடப் பார்க்காமல் "பேட்டரி போச்சுண்ணே, மாத்திரலாம்" என்கிறார் அந்தத் தம்பி.

அட, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பார்க்கலாம், 65 வாட் கேட்கிற மெஷினில் 45 வாட் சார்ஜர் செருகியிருக்கா என்று பார்க்கலாம், ஆயுள் கூடட்டும் என்று 80 சதவீதத்தோடு நிறுத்துகிற செட்டிங் ஏதும் ஆன் ஆகியிருக்கா என்று பார்க்கலாம், எதுவும் கிடையாது, நேரா மாத்திரலாம்! கடைசியில் கோளாறு சார்ஜர் முனையில். சில கம்பெனி சார்ஜரில் நடுவில் மெல்லிசா ஒரு ஊசி இருக்குமே, 'இது சரியான சார்ஜர்தான்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதே அதுதான், அது வளைந்துபோனால் மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது.

இத்தனைக்கும் இது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர். லித்தியம் பேட்டரிக்கு ஆராய்ச்சியே இங்கே நடக்குது. கடையில் வோல்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்க்க என்ன கேடு?