மாத்திரை வேண்டாம், தெரபி மட்டும் போதுமா?

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மற்றும் மிகைத்துடிப்புக் கோளாறு, இருப்பது 37 வயதில்தான் தெரிந்தது என்று போன மாதம் எழுதியதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. மாத்திரை வேண்டாம், தெரபி மட்டும் போதுமா? போதுமென்றால் எந்த தெரபி? நான் டாக்டர் இல்லை. ஆனால் வேறு வேறு தெரபிகளுக்குப் போயிருக்கிறேன், ஆய்வுகளையும் தேடிப் படித்திருக்கிறேன், அதை வைத்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் போனது சாதாரண கவுன்சலிங். சின்ன வயதில் வாங்கிய திட்டு, வகுப்பில் பெஞ்சு மேல் நின்றது, எல்லாவற்றையும் பேசி அழுதேன், மனசு லேசானது உண்மை. வீட்டுக்கு வந்தால் கட்டாத கரண்ட் பில் மேஜை மேலேயே கிடந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், தெரிந்ததை அந்த நேரத்தில் செய்யத் தொடங்க முடியாது, சிக்கல் அங்கேதான் இருக்கிறது, அதைப் பேச்சு மட்டும் தொடவில்லை.

அப்புறம்தான் பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கென்றே அமைத்த சிபிடி, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் தெரபி. ஒரே ஒரு நோட்டு, ஒரே ஒரு காலண்டர். கவனம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், எனக்குப் 11 நிமிடம் வந்தது, வேலைகளை அந்த அளவுக்கு நறுக்கினோம். நடுவில் வேறு ஏதாவது தோன்றினால் அதைத் தாளில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். கேட்டால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும், ஆனால் வாராவாரம் ஒருவர் கூட உட்கார்ந்து பழக்கும்போதுதான் அது கைக்கு வருகிறது.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2010-ல் பாஸ்டனில் சாஃப்ரென் குழுவினர், மாத்திரை சாப்பிட்டும் சிரமம் தீராத 86 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு 12 அமர்வு சிபிடியும் மீதிப் பேருக்குத் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். அறிகுறி அளவீட்டில் நன்றாகத் தேறியவர்கள் சிபிடியில் 67 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். அதே வருடம் நியூயார்க்கில் சொலான்ட்டோ என்ற ஆய்வாளரின் குழுப் பயிற்சியும், வெறும் ஆதரவாகப் பேசும் குழுவை விட நன்றாக உதவியது. இந்த இரண்டையும் நான் மதிப்பதற்குக் காரணம், எதிர்த்தரப்புக்கும் ஒரு பயிற்சியோ குழுவோ கொடுத்துத்தான் ஒப்பிட்டார்கள், யாரையும் சும்மா விட்டுவிடவில்லை.

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் தியானப் பயிற்சி, அதற்கு அந்த அளவுக்கு என்னால் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் 120 பேரிடம் செய்த ஆய்வில் பலன் தெரிந்தது, ஆறு மாதம் கழித்தும் நின்றது, ஆனால் ஒப்பிட்டது வழக்கமான சிகிச்சையோடு மட்டும். எனக்கு அதனால் மகள் மேல் பாயும் கோபம் குறைந்தது. பில் கட்டுவதற்கு உதவவில்லை.

நியூரோஃபீட்பேக், அதாவது மூளை அலைகளைத் திரையில் பார்த்து அவற்றை மாற்றப் பழகும் பயிற்சி, பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஒரு இடத்தில் மூளையையே மாற்றிவிடும் என்று பெரிய தொகை வாங்கினார்கள், நகையை அடகு வைத்துக் கட்டினேன். 2017-ல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் உண்மையான நியூரோஃபீட்பேக், போலி நியூரோஃபீட்பேக், குழுத் தெரபி என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள், மூன்றிலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். போலியிலும்தான்! இதை முன்பே படித்திருந்தால் அந்தப் பணம் என்னிடம் இருந்திருக்கும். தயவுசெய்து நீங்கள் கடன் வாங்கி இதற்குப் போகாதீர்கள்.

சரி, மாத்திரை. ஜெர்மனியில் 433 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், குழுத் தெரபிக்குப் போனவர்களுக்கும் டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர்களுக்கும் அறிகுறி அளவில் வித்தியாசம் வரவில்லை, ஆனால் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மருந்து, மருந்தில்லாத வெற்று மாத்திரையை வென்றது. பிறகு 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழின் தொகுப்பு, குறுகிய காலத்தில் நோயாளியும் மதிப்பீடு செய்தவரும் இருவருமே அறிகுறி குறைந்துவிட்டது என்று சொன்னது மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்துகளிலும் அடோமாக்ஸெட்டின் என்ற மருந்திலும் மட்டும்தான் என்கிறது. சிபிடியில் மாற்றம் மதிப்பீடு செய்தவர் கண்ணுக்குத் தெரிந்தது, நோயாளிக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. படித்தபோது மனசு சங்கடப்பட்டது. ஆனால் என் அனுபவத்தோடு அது பொருந்துகிறது. தலைக்குள் இருக்கும் இரைச்சலை மாத்திரைதான் குறைத்தது, அந்த அமைதியில் என்ன செய்வது என்று பழக்கியது சிபிடி. அதனால் மாத்திரையை அவமானமாக நினைத்துத் தள்ளாதீர்கள், உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்பதை மனநல மருத்துவர் சொல்லட்டும். தெரபிஸ்ட்டிடம் போனால் முதல் நாளே கேளுங்கள்: பெரியவர்களின் ஏடிஹெச்டியைப் பார்த்திருக்கிறீர்களா, ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் வீட்டில் என்ன பழக வேண்டும்?

தனித் தெரபிக்கு வாராவாரம் செலவு செய்ய எத்தனை பேரால் முடியும்? நியூயார்க்கில் செய்தது குழுவாகத்தான், பத்துப் பேர் சேர்ந்தால் செலவு பங்காகிவிடும். தமிழில் அப்படி ஒரு குழுவை யாராவது நடத்தினால் கமெண்டில் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.